பல்லடம் படுதாக்காரர் கடை: மகளுக்கு ஒரு விமானி ஜெர்கின்

பல்லடத்தில் மங்கலம் ரோட்டில் போனால், பேக்கரி தாண்டி இடது கைப்பக்கம் ஒரு சந்து வரும். அதில் மூன்றாவது ஷட்டர். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கோழிப்பண்ணைப் படுதா சுருள் சுருளாகச் சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். ‘படுதாக்காரர் கடை’ என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். பண்ணைகளுக்குப் பக்கப் படுதா, டெம்போவுக்குத் தார்ப்பாய், வண்டிக்கு சீட் கவர். இவைதான் அவருடைய அன்றாட வேலை. அந்தக் கடையில் என் மகளுக்கு ஒரு பழைய காலத்து விமானி ஜெர்கின் தைத்து வாங்கினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மகள் ஆறாவது படிக்கிறாள். மகளிர் தினத்துக்குப் பள்ளியில் ஒரு போட்டி வைத்தார்கள். ஏதாவது ஒரு துறையில் முதலில் கால் வைத்த பெண் மாதிரி உடுத்திக்கொண்டு வந்து மூன்று நிமிடம் பேச வேண்டும். அவள் வகுப்பில் வேலுநாச்சியார் இரண்டு பேர், கல்பனா சாவ்லா மூன்று பேர். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நேர் மேலேதான் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் தேஜஸ் போர் விமானங்கள் போகும். சத்தம் கேட்டதும் சோற்றுக் கையோடு மாடிக்கு ஓடுகிற பிள்ளை இவள். அமெரிக்கப் பெண் விமானி அமெலியா ஏர்ஹார்ட்தான் வேண்டும் என்று முன்பே முடிவு பண்ணிவிட்டாள்.

முதலில் வாடகைக்கு மாறுவேட உடை கொடுக்கிற ஒரு கடைக்குப் போனோம். எந்தக் கடை என்று சொல்லவில்லை. “பொம்பளப் பிள்ளைக்கு பைலட் டிரெஸ் வேணுங்க” என்றேன். “ஏர் ஹோஸ்டஸ் டிரெஸ் சின்ன சைஸ்ல இருக்குதுங்க” என்றார்கள். ஓட்டுகிறவர் உடை வேண்டும் என்று மறுபடியும் சொன்னதும், ஆண் பிள்ளைகளுக்கான வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் வந்தது. ஒரு நாள் வாடகை 350, அட்வான்ஸ் 500. மகள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை. அத்தனை உடை தொங்குகிற கடையில், விமானம் ஓட்டுகிற பெண் பிள்ளைக்கென்று ஒன்றுகூட இல்லை.

படுதாக்காரரை எனக்குச் சொன்னது கம்பெனியில் என்னோடு வேலை செய்கிற ஓர் அக்கா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் 14 வருடமாக இருக்கிறேன். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பிப் போட்டு உள்தையலைத்தான் பார்ப்பேன். அதனால் யாரிடமும் லேசில் தைக்கக் கொடுக்க மாட்டேன். இவர் கடையில் நுழைந்ததும் ஒரு தார்ப்பாயின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரட்டைத் தையல், முனை மடிப்பில் நூல் பிசிறு இல்லை. சரி, இங்கேயே கொடுக்கலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் மொபைலில் போட்டோவைக் காட்டினேன். அதை வாங்கி ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகள் பக்கம் திரும்பி, “கண்ணு, இந்தம்மா யாரு, என்ன பண்ணுனாங்க, சொல்லு” என்றார். அவள் சொல்லச் சொல்லத்தான் அளவே எடுத்தார். அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்தக் கடையை எல்லோருக்கும் சொல்லலாம்.

மகள் 1897-இல் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். 1920-இல் 10 டாலர் கொடுத்துப் பத்தே நிமிடம் விமானத்தில் ஏறிப் பார்த்தது, இறங்கும்போதே நாமும் ஓட்டியாக வேண்டும் என்று முடிவு பண்ணியது. பயிற்சிக்குப் பணம் கட்ட போட்டோ எடுக்கும் வேலை, லாரி ஓட்டும் வேலை, டெலிபோன் கம்பெனி வேலை என்று செய்தது. சொல்லிக் கொடுத்ததும் நேட்டா ஸ்னூக் என்ற ஒரு பெண்தான் என்றதும் அவர் இஞ்சு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, “பொம்பளைக்குப் பொம்பளையே வாத்தியாரா?” என்று கேட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

1928-இல் அட்லாண்டிக் கடலை விமானத்தில் தாண்டிய முதல் பெண் என்று உலகமே கொண்டாடியபோது, ஓட்டியதெல்லாம் கூட வந்த ஆண் விமானிதான், நான் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று அந்தம்மாவே சொன்னார். அந்தக் குறை தீர்வதற்கு நாலு வருடம் ஆனது. 1932 மே 20 சாயங்காலம் நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸிலிருந்து சிவப்பு லாக்ஹீட் வேகா விமானத்தில் தனியாகக் கிளம்பினார்.

“ஏனுங் அம்மிணி, எத்தன நேரம் ஒக்காந்துட்டே ஓட்டுனாங்க?” என்று என்னைக் கேட்டார் தையல்காரர். மகள் முந்திக்கொண்டு, “14 மணி நேரம் 56 நிமிஷம் தாத்தா” என்றாள்.

“அப்படீன்னா கீழ்ப் பாக்கெட் ஆகாதுங். ஒக்காந்தா மடங்கிக்கும். நெஞ்சுக்கு மேல சாய்வா வெச்சிரலாம்.”

இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போனது. நடுக்கடலில் உயரம் காட்டும் கருவி வேலை செய்யாமல் போனது, இறக்கையில் பனி உறைந்து விமானம் சுழன்று கீழே இறங்கியது, எஞ்சின் புகைக்குழாய் வெடிப்பு வழியாகத் தீ நாக்கு வெளியே தெரிந்தது என்று மகள் சொன்னதும், காலர் ஒரு இஞ்சு உயர்ந்தது. குடிக்கத் தக்காளி ஜூஸ் கொண்டு போனார் என்றதும் உள்பக்கம் ஒரு பாக்கெட் சேர்ந்தது. பாரிஸுக்குப் போக வேண்டியவர் கடைசியில் வட அயர்லாந்தில் டெர்ரிக்குப் பக்கத்தில் மாடு மேய்கிற புல்வெளியில் இறங்கினார். மாடு மேய்கிற காடு என்றதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நம்ம தோட்டத்துல வந்து எறங்குன மாதிரிதான்” என்றார்.

அப்புறம் மகளை ஸ்டூலில் உட்கார வைத்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி நீட்டச் சொல்லி, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, மறுபடியும் அளந்தார். அக்குளில் டைமண்ட் வடிவத்தில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார். கையைத் தூக்கினால் ஜெர்கினின் கீழ் ஓரம் மேலே ஏறுவதே இல்லை. ரெடிமேடில் 2,000 ரூபாய் கொடுத்தாலும் இந்த வேலை கிடைக்காது. துணி விலையும் ஆள் கூலியும் கூடும் என்று எங்கள் கம்பெனியிலேயே இப்படி ஒரு துண்டு வைக்க யோசிப்பார்கள்.

துணி நான் வாங்கிக் கொடுத்தது. தோல் நமக்குக் கட்டுப்படியாகாது, மார்ச் மாத வெயிலுக்கும் ஆகாது. ரெக்சின் இரண்டே மாதத்தில் உரிந்துவிடும். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் காப்பிக்கொட்டை நிறத்தில் தடித்த காட்டன் ட்வில் இரண்டு மீட்டர் 260 ரூபாய்க்குக் கிடைத்தது. பித்தளை ஜிப் 45 ரூபாய். காது மூடுகிற தொப்பிக்கும் அதே துணிதான், உள்ளே பழைய பனியன் துணி லைனிங். கண்ணாடி மட்டும் வெல்டிங் பட்டறையில் வாங்கினோம். கழுத்துக்கு வெள்ளைத் துணி வேண்டும் என்று கடை கடையாக அலைந்துகொண்டிருந்தபோது, என் அம்மா தன்னுடைய பழைய வெள்ளைச் சேலையில் முந்தானைப் பக்கம் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார். அப்பா போனதிலிருந்து அம்மா வெள்ளைதான் கட்டுகிறார். “அம்மாயி சேலதான் சரியா பறக்குது” என்று மகள் மின்விசிறிக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டாள்.

குறையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தருகிறேன் என்றவர் திங்கள் பொழுதோடதான் தந்தார். போட்டி புதன்கிழமை. பண்ணைக்காரர்கள் அவசரமாகப் படுதா கேட்டால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ஜிப்பை வேகமாக இழுத்தால் லைனிங் மாட்டிக்கொண்டது. மறுநாள் கொண்டு போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பிரித்துத் தைத்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் உயர்த்திய காலரின் ஓரம் கழுத்தில் கொஞ்சம் உராய்கிறது. அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜெர்கின் புதுசாக மின்னியது. அமெலியா முதன்முதலில் தோல் கோட் வாங்கியபோது, புதுசு என்று மற்ற விமானிகள் கேலி செய்வார்களே என்று அதைப் போட்டுக்கொண்டே தூங்கிப் பழசாக்கினாராம். தலைமுடியையும் அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்டினாராம். இதைக் கேட்டதும் தையல்காரர், “வாஷிங் யூனிட்ல நமக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான். ஒரு லாட்டோட சேத்து என்சைம் வாஷ் போட்டா பத்து வருசப் பழசாயிரும்” என்றார். நான் சரி என்று சொல்லும் முன்பே மகள் ஜெர்கினைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு ராத்திரி, மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். புதன்கிழமை காலையில் முழங்கையில் மடிப்பு விழுந்து, முதுகில் வியர்வை வரியோடு, நிஜமாகவே அது ஒருத்தருடைய ஜெர்கின் மாதிரி ஆகியிருந்தது.

பேச்சில் நான் ஒன்றே ஒன்றுதான் பிடிவாதமாகச் சொன்னேன். காணாமல் போனதிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. ஊரில் யாரைக் கேட்டாலும் அமெலியா என்றால் அது ஒன்றைத்தான் சொல்கிறார்கள். 1937-இல் உலகத்தைச் சுற்றக் கிளம்பி, ஜூன் 15-இல் கராச்சிக்கும் இரண்டு நாள் கழித்துக் கல்கத்தாவுக்கும் வந்தார். ஜூலை 2-இல் நியூகினியாவின் லே நகரிலிருந்து ஹவுலாந்து தீவுக்குப் பறக்கும்போது, வழிகாட்டி ஃபிரெட் நூனனோடு காணாமல் போனார். மகள் இதை இரண்டே வரியில் சொல்லிவிட்டாள். மீதி நேரமெல்லாம் அவர் செய்ததைப் பேசினாள். 1929-இல் அமெரிக்காவில் உரிமம் வாங்கியிருந்த 117 பெண் விமானிகளையும் ஒரு சங்கத்துக்கு அழைத்து, அதில் 99 பேர் சேர்ந்ததால் ‘நைன்ட்டி நைன்ஸ்’ என்றே பெயர் வைத்து, முதல் தலைவராக அமெலியா இருந்தது. 1935-இல் ஹவாயிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தனியாகப் பறந்தது. அதற்கு முன்னால் ஆண்கள்கூட அப்படிப் பறந்ததில்லை. நடுவர் டீச்சர் “நம்ம நாட்டுல யாரு?” என்று கேட்டபோது, 1936-இல் 21 வயதில் சேலை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானத்தை ஓட்டிய சரளா தக்ராலைச் சொன்னாள். இரண்டாம் பரிசு.

எனக்கு அமெலியாவின் வேறொரு வேலைதான் மனதில் நிற்கிறது. அந்தம்மா துணியும் தைத்தவர். 1934-இல் தன் பெயரிலேயே பெண்களுக்கு உடை வடிவமைத்து, நியூயார்க்கில் மேசீஸ் மாதிரி பெரிய கடைகளில் விற்றார். வீட்டிலேயே துவைக்கலாம். பாராசூட் பட்டில் சட்டை. விமான விசிறி வடிவத்தில் பட்டன். மேலுக்கு ஒரு அளவு, கீழுக்கு ஒரு அளவு என்று தனித்தனியாக வாங்கலாம். சட்டையின் கீழ்ப்பகுதியை நீளமாக வைத்தார். குனிந்தாலும் நிமிர்ந்தாலும், தலைகீழாக நின்றாலும்கூட, பாவாடைக்குள்ளிருந்து வெளியே வரக் கூடாது என்பது அவர் கணக்கு. அந்த வியாபாரம் நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் சாம்பிள் டேபிளில் நின்று வேலை செய்கிற எனக்கு, அந்த நீளம் எதற்கு என்று ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளின் யூனிஃபார்ம் சட்டையைப் பாருங்கள். சைக்கிள் ஏறினால் இடுப்பில் பிதுங்கி வெளியே வந்துவிடும். வகுப்பில் கையைத் தூக்கவே யோசிப்பார்கள்.

போன வாரம் இதைத் தையல்காரரிடம் சொன்னேன். அவர் மகளின் பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, சாக்பீஸால் கீழே மூன்று இஞ்சு கூட்டிக் கோடு போட்டார். பக்கவாட்டில் வளைவு வைத்து, முதுகுப் பக்கம் இன்னும் அரை இஞ்சு இறக்கினார். அக்குளில் அதே டைமண்ட் துண்டு. ஒன்று தைத்து வந்திருக்கிறது. மகள் வாசலில் சைக்கிளில் நாலு சுற்றுச் சுற்றி, ஹேண்டில்பாரை விட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். சட்டை இடுப்பை விட்டு அசையவில்லை.

ஜெர்கினுக்குத் தையல் கூலி 450, தொப்பிக்கு 100. யூனிஃபார்ம் சட்டைக்கு 180, துணி நம்முடையது, வழக்கத்தை விடக் கால் மீட்டர் கூட வாங்கிக்கொள்ளுங்கள். மகள் வகுப்பில் நாலு பேர் கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே போய்விடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பிள்ளையைத்தான் கேட்பார்.