சபா மேடையா, கூத்துப்பட்டறையா: சின்னத்திரைக்கு வந்த இரு வழிகள்

சென்னையில் மேடையிலிருந்து சின்னத்திரையை நோக்கி நகரும் நடிகருக்கு இரு வேறு பயிற்சிக் களங்கள் இருந்துவந்துள்ளன. ஒன்று, கலை ரசிகர் அமைப்புகளான சபாக்களின் மேடைகளில் நடக்கும் சபா நாடகம். 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் நாடகாசிரியர் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் அதன் மூத்த குழுக்களில் ஒன்று. மற்றது, 1977இல் ந. முத்துசாமி நிறுவிய நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறை.

தொலைக்காட்சியில் நுழைவது சபா நடிகருக்கே எளிதாக இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, ஒத்திகை முடித்த நாடகங்களும் வசனத்தைப் பிசகாமல் பேசும் நடிகர்களும் சபாக் குழுக்களிடம் ஆயத்தமாக இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நாடகங்களும் பின்னர் வந்த 13 வாரத் தொடர்களும் பேச்சை நம்பியே நடந்தவை. பகலில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்த சபா நடிகர்கள் பலருக்கு, வாரம் ஒருமுறை ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி வாழ்க்கை முறையைக் குலைக்காத வாய்ப்பாகவும் அமைந்தது.

கூத்துப்பட்டறை நடிகருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. தெருக்கூத்திலிருந்தும் சிலம்பத்திலிருந்தும் உடல்மொழியைக் கற்று, நாள் முழுவதும் பயிற்சியிலேயே கிடந்த அவருக்கு, கூடத்து நாற்காலியில் அமர்ந்து பேசும் குடும்பக் கதை அந்நியமானது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோர் பெயர் பெற்றது சின்னத்திரையில் அல்ல, திரைப்படத்தில்தான். கூத்துப்பட்டறையில் கணக்காளராகப் பணியாற்றியபடி நடிகர்களை அருகிருந்து கவனித்த விஜய் சேதுபதிக்குத் தொலைக்காட்சி ஓர் இடைப்படியாக அமைந்தது. தொடரில் சிறு வேடத்தில் நடித்தார். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்கான குறும்படங்களிலும் நடித்தார். நாடகத்தைப் போலவே தொடக்கமும் முடிவும் உள்ள குறும்படம், மேடைப் பயிற்சி பெற்றவருக்கு நெடுந்தொடரைவிட நெருக்கமானது என்பது என் கருத்து.

1993இல் சன் தொலைக்காட்சி வந்து, 1999இல் தொடங்கிய 'சித்தி' போன்ற தினசரித் தொடர்கள் பெருவெற்றி பெற்ற பிறகு இந்த ஒப்பீடே மாறிவிட்டது. வசனம் படப்பிடிப்புத் தளத்தில்தான் கைக்கு வருகிறது. உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, நடிகர் அதைத் திருப்பிச் சொல்கிறார். பல வேளைகளில் பிறகு வேறொருவர் டப்பிங் பேசுகிறார். கடைசி வரிசை ரசிகருக்கும் கேட்கும்படி ஆண்டுக்கணக்காகப் பண்படுத்திய குரல்தான் சபா நடிகரின் முதல் சொத்து. அதுவே முதலில் பறிபோவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. பட்டறை நடிகர் இழப்பது ஒத்திகையை. ஆயினும் க்ளோசப்பில் அடுத்தவர் பேசுவதைக் கேட்டபடி நிற்கும்போது அவருடைய கண்ணும் தோளும் தொடர்ந்து நடித்துக்கொண்டிருக்கும். அதை எந்தப் பின்னணிக் குரலாலும் மாற்ற முடியாது.

வேலையும் வருமானமும் விரைவில் வேண்டுமென்போருக்குச் சபா வழியே நல்லது. தினசரித் தொடரில் பல ஆண்டுகள் இருந்த பின்பும் நடிகராகத் தேயாமல் இருக்கக் கூத்துப்பட்டறைப் பயிற்சியே கூடுதல் துணை என்று நம்புகிறேன். எந்த வழியில் வந்தவராயினும், தொடருக்கு ஒப்புக்கொள்ளும்போது, சம்பளத்தைப் பேசுவதற்கு முன்பாகச் சொந்தக் குரலில் பேசும் வாய்ப்பைக் கேட்டுப் பெற வேண்டும்.