காது இரைச்சல்: லட்ச ரூபாய் சிகிச்சையை விட்டுவிட்டுக் காது மெஷினோடு இரண்டு வருடம்

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். 2021 கடைசியில் இரண்டு காதிலும் 'ஙீய்ய்' என்று ஆரம்பித்த சத்தம் அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. பகலில் மற்ற சத்தங்களில் அமுங்கிவிடும். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் மண்டைக்குள் அது மட்டும்தான். ஒரு தெருநாயாவது குரைக்காதா என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த நிலைமையில் யார் என்ன சொன்னாலும் நம்பத் தோன்றும். பெங்களூரில் ஒரு கிளினிக்கில் லேசர் சிகிச்சை, 20 சிட்டிங், ஒன்றே முக்கால் லட்சம் என்றார்கள். நகையை அடகு வைக்கும் பேச்சு வரை வந்துவிட்டது. எத்தனை பேருக்குச் சரியானது என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த பாராட்டுக் கடிதங்களைக் காட்டினார்கள்.

அமெரிக்காவில் இருக்கிற அக்கா மகன், "மாமா, லெனையர்னு ஒரு கருவி வந்திருக்கு" என்றான். ஹெட்ஃபோனில் ஒலி, கூடவே நாக்கு நுனியில் லேசான மின் துடிப்பு. தினமும் ஒரு மணி நேரம் வரை, 12 வாரம். விலை அப்போது சுமார் 4000 டாலர். 2023 மார்ச்சில் அங்கே மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியும் கிடைத்துவிட்டது. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். 2020இல் வெளியான ஆய்வில் 326 பேர் இருந்தார்கள், பலருக்குத் தொந்தரவு குறைந்தது. ஆனால் அதில் போலிக் கருவி கொடுத்து ஒப்பிட்ட குழு இல்லை. நம்பிக்கையோடு 12 வாரம் எதைச் செய்தாலும் இந்த நோயில் கொஞ்சம் தேறும், அதனால் இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அப்புறம் 112 பேரை வைத்து நடந்த ஆய்வில் முதல் 6 வாரம் ஒலி மட்டும் கொடுத்து, பிறகு நாக்குத் துடிப்பையும் சேர்த்தார்கள். மிதமாகவோ அதற்கு மேலோ அவதிப்படுகிறவர்களுக்குத்தான் கூடுதல் பலன் தெரிந்தது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி ஈ.என்.டி. டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் வழி காட்டியது: "ஆடியோகிராம் எடுத்தீங்களா?" எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் சோதனை அது. எடுத்தோம். 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சென்ற உயர் சுருதிப் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இயந்திரச் சத்தத்தில் கேட்கும் திறன் போன இடம் அது. காதிலிருந்து வராத ஒலியை ஈடுகட்ட மூளை தானே வால்யூமைக் கூட்டுகிறது என்று விளக்கினார்.

அந்த ஒலியைக் காதுக்குத் திரும்பக் கொடுக்க, ஜோடி 84,000 ரூபாய்க்குக் காது மெஷின் வாங்கினேன். முதல் மாதம் கொடுமை. தட்டு வைக்கிற சத்தம் சுத்தியலால் அடிப்பது போல இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள் மத்தியானம் வரை இரைச்சல் நினைப்பே வரவில்லை என்பதைச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். இரைச்சல் எவ்வளவு தொந்தரவு தருகிறது என்று 25 கேள்விகளில் அளக்கும் படிவத்தில் 100க்கு 62 இருந்தது இப்போது 28; எண் குறைந்தால் தொந்தரவு குறைவு. சத்தம் போகவில்லை. மெஷினைக் கழற்றியதும் திரும்பிவிடும், ராத்திரிக்குப் போனில் மழைச் சத்தம் வைக்கிறேன். வெயில் காலத்தில் வியர்வை இறங்கி வலது மெஷின் இரண்டு முறை அடைத்தது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க ஆரம்பித்த பிறகு தொல்லை இல்லை.

ஒரே காதில் மட்டும் இரைச்சல் என்றாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ, எதையும் வாங்காமல் முதலில் ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

அக்கா மகன் போன வாரமும் லெனையர் பற்றிக் கேட்டான். போலிக் கருவியோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு வரட்டும், அப்போது யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.