கோஹாவில் ஓவர்டியூ மெயில்: ஒட்டிக்கொண்ட வரிகளைப் பிரித்த பிறகு

எங்கள் நூலகத்தில் பல வருடங்களாக கோஹா என்ற நூலக மென்பொருள்தான் ஓடுகிறது. கெடு தாண்டிய புத்தகங்களுக்குத் தானாகப் போகும் மெயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கவுண்டரில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி அதிலிருந்துதான் வந்தன.

ஒரே புத்தகம் எடுத்தவருக்குக் குறை தெரியாது. நான்கைந்து எடுத்தவருக்கு எல்லாம் ஒரே பத்தியாகப் போய்ச் சேரும்: தேதி, தலைப்பு, பார்கோடு, ஆசிரியர், மூச்சு விடாமல் அடுத்த தேதி. கேட்லாகில் தலைப்பின் கடைசியில் போடும் சாய்கோடு வேறு நடுநடுவே நிற்கும். எந்த ஆசிரியர் எந்தப் புத்தகத்துக்கு என்று எங்களுக்கே பிடிபடாது.

காரணம் சின்னது. கோஹா இந்த விவரங்களை டேப் (கீபோர்டில் உள்ள அகல இடைவெளி) இட்டுப் பிரித்து, புத்தகத்துக்கு ஒரு வரியாகத் தருகிறது. மெயிலின் மாதிரி வடிவமான டெம்ப்ளேட்டில், அதை வலைப்பக்கம் போல எச்டிஎம்எல்லாக அனுப்பச் சொல்லும் டிக் இருந்தால், மெயிலைத் திறக்கும்போது டேப்பும் புது வரியும் வெறும் இடைவெளியாகிவிடும். மெயில் அனுப்பாமல், அதைத் தயாரிக்கும் ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டி டெர்மினலில் (கட்டளைத் திரையில்) பார்த்தாலோ, வரிகள் தனித்தனியாக அழகாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு 'சரியாத்தானே இருக்கு' என்பவரிடம் வாதாடிப் பயனில்லை, வந்த மெயிலையே திறந்து காட்ட வேண்டும்.

டிக்கை எடுத்துவிட்டாலும் வேலை முடியும். எங்களுக்குக் கெடு தேதி தடித்த எழுத்தில் வேண்டியிருந்ததால் எடுக்கவில்லை. எல்லா விவரத்தையும் மொத்தமாகக் கொட்டும் குறியீட்டை டெம்ப்ளேட்டிலிருந்து நீக்கி, தலைப்பு, பார்கோடு, கெடு தேதி மூன்றையும் தனித்தனியாக எழுதி, வரி முறிக்கும் டேக்கைச் சேர்த்தோம். அந்த டேக், ஒவ்வொரு புத்தகத்துக்கும் திரும்பத் திரும்ப வரும் ஐட்டம் பகுதிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே போட்டால் பட்டியல் முழுக்க முடிந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் வரி முறியும். அட்டவணை போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஃபோன் திரையில் அது படும் பாட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டோம்.

அப்புறம் தேதி. நாள் கணக்கில் தரும் புத்தகங்களுக்கு கோஹா கெடுவை இரவு 23:59 என்று வைக்கிறது. அது அப்படியே மெயிலில் போனதால், நடுராத்திரி வரை நூலகம் திறந்திருக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. தேதியை மட்டும் காட்டச் சொல்லும் வடிகட்டி ஒன்று டெம்ப்ளேட்டிலேயே இருக்கிறது, அதைப் போட்டதும் அந்தக் கேள்வி நின்றது.

இதுவரை வந்த அப்டேட்டுகளில் எங்கள் திருத்தம் கலையவில்லை. ஆனால் கிளைக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று டெம்ப்ளேட் நகல்கள் வைத்திருந்தால், ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து திருத்தித்தான் ஆக வேண்டும்.