ஹியூகனாட் மூதாதையரைத் தேட ஃபேமிலிசர்ச்: காசு செலவில்லாமல் 1688 வரை

தென்னாப்பிரிக்காவில் ஜூபேர், தெரோன், மரே, லே ரூ என்று குடும்பப் பெயர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் "நாங்கள் ஹியூகனாட் வழி, பிரான்சிலிருந்து தப்பி வந்தவர்கள்" என்பார்கள். வாயால் சொல்வது சுலபம். ஒவ்வொரு தலைமுறையையும் ஆவணத்தோடு கோத்து அந்தக் கப்பலில் வந்தவர் வரை போய்ச் சேருவது பெரிய வேலை. என் மனைவி வீட்டார் ஜூபேர்கள். மாமனாருக்கு வயதாகிறது, இதை எழுத்தில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. அந்த வேலையில் பெரும்பகுதியை ஃபேமிலிசர்ச் என்ற இலவச வம்சாவளித் தேடல் தளத்தில்தான் முடித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதே தேடலில் இறங்குகிற யாரும் வேறு எங்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் இங்கே ஒரு கணக்கு தொடங்கிவிட வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பிரான்சில் இருந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்தான் ஹியூகனாட்டுகள். 1598இல் நான்காம் ஹென்றி நாந்த் ஆணையின் மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார், 1685இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். போதகர்களை நாட்டை விட்டே விரட்டினார்கள். சாதாரண மக்களோ வெளியேறவே கூடாது, தப்பும்போது பிடிபட்ட ஆண்களுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமை வேலை. அப்படியும் பெருங்கூட்டம் ஹாலந்து, இங்கிலாந்து, ஜெர்மன் நாடுகள் என்று தப்பிப் போனது. ஹாலந்து போனவர்களில் ஒரு சிறு பகுதியை டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1688, 1689இல் ஊஸ்டர்லாண்ட், பெர்க் சைனா போன்ற கப்பல்களில் ஏற்றி நன்னம்பிக்கை முனைக்கு, அதாவது தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு, அனுப்பியது. வந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. அங்கே கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்த சைமன் வான் டெர் ஸ்டெல் அவர்களுக்கு டிராக்கன்ஸ்டெயினில், அதாவது இன்றைய பார்ல், ஃபிரான்ஷ்ஹூக் பக்கம், நிலம் கொடுத்தார். புரொவான்சில் லா மோத் தேக் என்ற ஊர்க்காரரான பியர் ஜூபேர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவரும் மனைவி இசபோ ரிஷார்தும்தான் இங்கே ஜூபேர் வம்சத்துக்கு வேர்.

இனி சேவைக்கு வருகிறேன். ஃபேமிலிசர்ச்சை நடத்துவது மோர்மன் திருச்சபை. 1894இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் தொடர்ச்சி இது. உலகம் முழுக்கச் சுற்றி எடுத்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021க்குள் கணினிப் படங்களாக மாற்றி முடித்தார்கள். கணக்கு தொடங்க மின்னஞ்சல் போதும், கட்டணம் கிடையாது, மதம் மாறச் சொல்லி யாரும் கதவைத் தட்டுவதும் இல்லை. முகப்பில் இருக்கும் பெயர்த் தேடல் பெட்டியோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். அது அட்டவணை போட்ட ஆவணங்களை மட்டுமே காட்டும். உள்ளே 'கேட்டலாக்' என்று ஒன்று இருக்கிறது, அதில் ஊர்ப் பெயரைக் கொடுத்து தேவாலயப் பதிவேடு என்று போனால் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானப் புத்தகங்கள் அப்படியே பக்கம் பக்கமாகத் திறக்கும். பழைய டச்சுக் கையெழுத்து முதலில் கண்ணைக் கட்டும், ஆனால் ஒவ்வொரு பதிவிலும் வருவது அதே நாலைந்து விஷயம்தான்: தேதி, குழந்தை பெயர், அப்பா, அம்மா, சாட்சிகள். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிடும். சாட்சிகளைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, தாத்தா என்று நெருங்கிய சொந்தமாகத்தான் இருப்பார்கள். இன்னொரு பெரிய உதவி, டச்சு வழக்கப்படி கல்யாணம் ஆன பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்துப் பதிவுகளில் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எங்கே தொடங்குவது? கப்பலில் இருந்து அல்ல. வீட்டில் இருக்கும் பாட்டியில் இருந்து. கேப் மாகாணத்தில் 1834 முதல் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 'இறப்பு அறிவிப்பு' என்ற படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்யச் சட்டம் இருந்தது. பெயர், பிறந்த இடம், பெற்றோர் பெயர், வயது, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் பெயர் என்று எல்லாம் ஒரே தாளில். உயர் நீதிமன்ற வாரிசுரிமை ஆவணங்களாக அவையும் ஃபேமிலிசர்ச்சில் இருக்கின்றன. ஒரு தாளில் இருந்து பெற்றோர் பெயரை எடுத்து அவர்கள் தாளுக்குப் போகலாம், அங்கிருந்து அடுத்தது. மாமனாரின் கொள்ளுத்தாத்தா வரை இப்படியே ஏறிப் போய்விட்டோம். ஒரு எச்சரிக்கை: படிவத்தைப் பூர்த்தி செய்தவர் மருமகனாகவோ பக்கத்துப் பண்ணைக்காரராகவோ இருக்கலாம், பெற்றோர் பெயரை ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

அதற்கு மேலேதான் சிக்கல். பேரப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது நமக்குத் தெரிந்த பழக்கம். இவர்களோ அதில் ஒரு ஒழுங்கே வைத்திருந்தார்கள்: முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், முதல் மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர். ஆக அண்ணன் தம்பி நாலு பேர் என்றால் நாலு வீட்டிலும் ஒரு பீட்டர் ஜூபேர், கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே தேவாலயம். இவர்களைப் பிரித்தறியத்தான் டி வில்லியர்ஸ்-பாமா எண்முறை இருக்கிறது. முதலில் வந்தவர் ஏ, அவர் பிள்ளைகள் பிறந்த வரிசைப்படி பி1, பி2, அவர்கள் பிள்ளைகள் சி1, சி2. 'பி3 சி5 டி2' என்றால் மூன்றாவது பிள்ளையின் ஐந்தாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை, அவ்வளவுதான். டி வில்லியர்ஸ் தொகுத்த கேப் குடும்பப் பதிவேடு 1890களில் வெளிவந்தது, பாமா 1966இல் திருத்தி விரிவாக்கினார். அதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் மூலப் பதிவின் படத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஃபேமிலிசர்ச்சில் எல்லோருக்கும் பொதுவான ஒரே குடும்ப மரம் உண்டு, யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். அதில் கிளை கிளையாக 1500கள் வரை போகிறதே என்று மயங்க வேண்டாம். கீழே மூல ஆவணம் இணைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நகருங்கள். சில சுருள்களை வீட்டிலிருந்து திறக்க முடியாது, ஒப்பந்தக் கட்டுப்பாடு. அவர்களுடைய மையத்துக்கு நேரில் போக வேண்டும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடிய குறைகள். இதற்கு முன்னால் வேறொரு கட்டணத் தளத்தில் மாமனார் பணம் கட்டியிருந்தார், அவர்கள் கொடுத்தது ஆதாரம் இல்லாத ஒரு மரமும் 'ஜூபேர் குடும்பச் சின்னம்' அச்சடித்த சட்டகமும்தான். ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையவே கிடையாது. பெரியவர்களின் ஆசையை இப்படிக் காசாக்குவதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

பிரான்ஸ் பக்கம் போக நினைப்பவர்கள், முன்னோரின் ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்து அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தின் தளத்துக்குப் போங்கள். பல இடங்களில் பதிவேடுகளை இலவசமாகவே பார்க்கலாம். 1685க்கு முந்தைய புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் நிறைய அழிந்துவிட்டன, மிஞ்சியதில் அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு.

இன்னொரு இலவசச் சேவையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் மனதில் தங்கியது. கேப்பில் 1673 முதல் 'அனாதைகள் மன்றம்' என்ற அமைப்பு இருந்தது. சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு யாராவது இறந்தால் வாரிசுகளின் பங்கைக் காக்க வீட்டுச் சொத்தை முழுக்கப் பட்டியல் எடுப்பார்கள். காப்பகத்தில் எம்.ஓ.ஓ.சி. 8 என்று குறிக்கப்படும் அந்தப் பட்டியல் தொகுப்பை 1834 வரை எழுத்துப்படுத்தி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு டிராக்கன்ஸ்டெயின் பண்ணையின் பட்டியலைத் திறந்தால் அறை அறையாக நடந்து போகிற மாதிரி இருக்கும். முன்கூடத்தில் மேஜை நாற்காலி, சமையலறையில் செப்புப் பானை, நிலவறையில் ஒயின் பீப்பாய்கள். அப்புறம் மாடு, ஆடு, ஏர். அதே பட்டியலில், அதே கையெழுத்தில் அடிமைகள்: ஏப்ரல், செப்டம்பர், டைட்டஸ் என்று எஜமானர் வைத்த பெயர், பின்னால் எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்ற ஊர். மடகாஸ்கர், வங்காளம், மலபார், கோரமண்டல், நாகப்பட்டினம்.

நம் கடற்கரை. பழவேற்காட்டில் 1610 முதலும் நாகப்பட்டினத்தில் 1658 முதலும் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்த 1659-61இல் அவர்கள் ஆயிரக்கணக்கில் மனிதர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். மதத்துக்காக ஊரை விட்டு ஓடிவந்தவரின் வம்சத்தை எட்டு, ஒன்பது தலைமுறை எண் போட்டு எழுத முடிகிறது. அவர் பண்ணையில் உழைத்த நாகப்பட்டினத்துக்காரருக்கு அப்பா பெயர்கூட எங்கும் பதிவில்லை. எல்லா வழியும் அங்கே நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. வங்காளத்திலிருந்து அடிமையாக வந்த ஆஞ்செலா விடுதலை பெற்று 1669இல் பாசன் என்பவரை மணந்தார், இன்றைய ஆஃப்ரிகானர், அதாவது இந்த ஐரோப்பியக் குடியேறிகள் வழிவந்த வெள்ளையர், குடும்பங்கள் பலவற்றுக்கு அவரும் ஒரு மூதாட்டி.

இதைக் காட்டியதும் மாமனார் தன் அம்மா வழியையும் பார்க்கச் சொன்னார். அந்தத் தேடல் இப்போது நடக்கிறது. நீங்களும் பார்ப்பதாக இருந்தால் கோரமண்டல் என்று ஒரே எழுத்தில் தேடாதீர்கள். எழுத்தர்கள் சில இடத்தில் முழுப் பெயர், சில இடத்தில் வெறுமனே 'கரை' என்று பொருள்படும் டச்சுச் சொல், நாகப்பட்டினத்துக்கு ஆளுக்கொரு எழுத்து என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.