கிளிப்ஸ்: விதி எழுத அருமை, சரிபார்ப்பது நம் பாடு

எக்ஸ்பர்ட் சிஸ்டம் (நிபுணருக்குத் தெரிந்ததை 'இப்படி இருந்தால் இது' என்ற விதிகளாக எழுதி, முடிவு சொல்ல வைக்கும் மென்பொருள்) என்றால் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகிற பாடம் என்று நினைப்பவர்கள், அதை உருவாக்க உதவும் கிளிப்ஸை ஒரு தடவை இறக்கிப் பார்க்கலாம். 1980-களின் நடுவில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் உருவானது. சி மொழியில் எழுதியது, காசு கிடையாது. திறந்தால் கட்டளை தட்ட ஒரு வெறும் ப்ராம்ப்ட், அவ்வளவுதான்.

நான் இதில் செய்து பார்த்தது த்ரீ ஃபேஸ் மோட்டாரில் பழுது கண்டுபிடிக்கும் ஒரு சின்ன சிஸ்டம். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்று உள்ளே கொடுத்தால், ஒரு ஃபேஸ் போயிருக்கலாம், ஃப்யூஸைப் பார் என்று சொல்லும் விதி கிளம்பும். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று இஃப், எல்ஸ் போட்டு நாம் மல்லுக்கட்ட வேண்டாம். கிளிப்ஸுக்குள் இருக்கும், சார்லஸ் ஃபோர்ஜி உருவாக்கிய ரீட்டே அல்காரிதம் மாறிய தகவலை மட்டும் விதிகளோடு பொருத்திப் பார்ப்பதால், விதிகள் பெருகினாலும் அவ்வளவாக மந்தமாவதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது வாட்ச் கட்டளை. வாட்ச் ரூல்ஸ் போட்டுவிட்டு ரன் கொடுத்தால் ஃபயர் 1, ஃபயர் 2 என்று, எந்த விதி எந்தத் தகவலைப் பிடித்துக்கொண்டு ஓடியது என வரிக்கு வரி காட்டிவிடும். (இன்றைய சாட்பாட்டிடம் இப்படிக் கணக்குக் கேட்டுப் பாருங்கள்!)

கடுப்பேற்றுவது சேலியன்ஸ். விதிக்கு மைனஸ் 10000 முதல் 10000 வரை முன்னுரிமை எண் தரலாம், தந்து பழகிவிட்டால் போச்சு, ரெண்டு விதி மோதும்போதெல்லாம் நிபந்தனையைத் திருத்தாமல் எண்ணை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும், அப்புறம் புதிதாக ஒரு விதி சேர்த்தால் எது எதற்கு முன்னால் ஓடும் என்று எழுதியவருக்கே பிடிபடாது. நிச்சயமின்மைக்கும் உள்ளே ஏற்பாடு இல்லை. 'அநேகமாக பேரிங்தான்' என்று சொல்ல வைக்க வேண்டுமானால் கணக்கை நாமே எழுத வேண்டும்.

பெரிய குறை, விதிகள் சரியா என்று மதிப்பிட வழி இல்லாதது. எண்தான் வரும் என்று அறிவித்த ஸ்லாட்டில் (தகவலை நிரப்பும் கட்டம்) எழுத்து போட்டால் கண்டுபிடிக்கும், சரி. விதி சொல்லும் விஷயமே தப்பாக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும். தொற்றுக்கு மருந்து சொல்லும் எக்ஸ்பர்ட் சிஸ்டமான ஸ்டான்ஃபோர்டின் மைசினைச் சோதித்த விதம் (முடிவு வெளியானது 1979-இல்) இன்றும் நல்ல முன்மாதிரி: மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) நோயாளிகள் 10 பேருக்கு மைசின் சொன்ன மருந்தையும் மருத்துவர்கள் சொன்ன மருந்தையும் கலந்து, எது யாருடையது என்று சொல்லாமல், வெளி நிபுணர்கள் 8 பேரிடம் கொடுத்தார்கள். மைசினுக்கு 65 சதவீதம் ஒப்புதல். அங்கேயே இருந்த பேராசிரியர்களில் யாரும் அதைத் தாண்டவில்லை. அப்படியும் அது மருத்துவமனைப் புழக்கத்துக்கு வரவில்லை என்பது வேறு கதை.

விதி அடிப்படையில் யோசிக்கப் பழக இதற்கு 5-க்கு 4 தருவேன். வேலைக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் பழைய ஜாப் கார்டுகளை (பழுதுபார்த்த வேலையின் பதிவு) எடுத்து, பழுது என்ன என்பதை மறைத்து, சிஸ்டத்தின் பதிலையும் மெக்கானிக்குகளின் பதிலையும் கலந்து ஒருவரிடம் கொடுத்து மார்க் போடச் சொல்லுங்கள். அந்த ஒருவர், விதிகளைச் சொல்லிக்கொடுத்த அதே மெக்கானிக்காக இருக்கக்கூடாது.