எங்கள் கல்லூரி கவுன்சிலிங் அறை: ஆள் அருமை, வாசல்தான் கொடுமை

மாணவர்களின் மனக் கஷ்டத்தைக் கேட்கும் கவுன்சிலர் மேடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அந்த அறைக்கும் அதை நடத்தும் முறைக்கும் ஒன்றரை கொடுத்தாலே அதிகம். புதுச்சேரி ஈ.சி.ஆர் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம், இன்னும் டி.சி. வாங்கவில்லை.

போன வருஷம் வரைக்கும் எங்களுக்கு கவுன்சிலர் என்றால் காமர்ஸ் டிபார்ட்மென்ட் சார் ஒருவர்தான். கிளாஸ், என்.எஸ்.எஸ்., பஸ் கமிட்டி, அதோடு இதுவும் என்று அவர் தலையில் கட்டியிருந்தார்கள். யார் போய் என்ன சொன்னாலும் போனைக் குறை, காலையில் வாக்கிங் போ, அப்பா அம்மா கஷ்டத்தை நினைத்துப் பார் என்பார். நல்ல மனுஷன், ஆனால் அது அவர் வேலை இல்லை. விசாகப்பட்டினத்தில் நீட் கோச்சிங் படித்த மாணவி இறந்த வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் எதுவானாலும் தகுதியுள்ள கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் எங்கள் நிர்வாகத்துக்கு முழிப்பு வந்தது. முறையாகப் படித்த ஒரு மேடம் வந்தார்.

எனக்கு அரியர் விழுந்து, ராத்திரி மூன்று மணி வரை தூக்கம் வராமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்த சமயம் அவரிடம் போனேன். அட்வைஸ் எதுவும் வரவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறாய், காலையில் என்ன சாப்பிட்டாய், கடைசியாக எப்போது கிரிக்கெட் ஆடினாய் என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், அதே குரலில் ‘செத்துப் போகலாம் என்று தோன்றியிருக்கிறதா?’ என்றார். இல்லை என்றேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று வீட்டில் பயப்படுவார்கள் இல்லையா, அப்படி ஆகாது, உள்ளே இருப்பவனுக்கு வாய் திறக்க அதுதான் வழி என்று பிறகு விளக்கினார். எனக்குத் தூக்கம் ஒழுங்கானதே போதுமாக இருந்தது. ஹாஸ்டல் நண்பன் ஒருவனை மட்டும், இது பேசி மட்டும் தீராது என்று சொல்லி கடிதம் கொடுத்து கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தாதே, சரியாகிவிட்டது என்று நீயாகவும் நிறுத்தாதே என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதைவிடப் பெரிய உதவி அட்டெண்டன்ஸ். மனச்சோர்வு இருப்பவனுக்குக் காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடு, முதல் பீரியட் வரிசையாகப் போகும், 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும், அப்புறம் பரீட்சை எழுத முடியாதோ என்ற பயம் இன்னும் அமுக்கும். மேடம் ஹெச்.ஓ.டி.யிடம் பேசி ‘மருத்துவக் காரணம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார், என்ன நோய் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த நண்பன் கண்டொனேஷன், அதாவது அட்டெண்டன்ஸ் குறைவுக்கான கட்டணம், கட்டிப் பரீட்சை எழுதினான்.

சரி, இப்போது வாசலுக்கு வருவோம்.

அந்த அறை எக்ஸாம் ஃபீஸ் கவுன்டருக்குப் பக்கத்தில். வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர், அதன்மேல் ஒரு லாங் சைஸ் நோட்டு, சணலில் கட்டிய பேனா. பெயர், ரெஜிஸ்டர் நம்பர், டிபார்ட்மென்ட், வந்த காரணம், கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே தலைவலி, தலைவலி, ஜெனரல், தலைவலி. ஒரு புண்ணியவான் ‘சும்மா’ என்று எழுதியிருந்தான். ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்பவன் பொழுது போகாமல் அந்த நோட்டைப் புரட்டுகிறான், சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் ‘மச்சான் உனக்கு என்னடா ஆச்சு’ என்று வருகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்கிறது. உள்ளே மேடம் பூட்டிக் காப்பாற்றும் ரகசியத்தை வெளியே இந்த நோட்டு ஊருக்கே வாசித்துக் காட்டுகிறது. அவரே இதை எடுக்கச் சொல்லிவிட்டாராம், ஆடிட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆபீஸில் மறுத்துவிட்டார்களாம். கணக்குதானே வேண்டும்? டோக்கன் நம்பர் போடுங்கள், போதுமே.

நேரமும் சரியில்லை. பத்தரையிலிருந்து நாலு மணி வரை, அதாவது முழுக்க முழுக்க கிளாஸ் நேரம். கிளாஸை விட்டு வர ஓ.டி. சீட்டில் டியூட்டர் கையெழுத்து வேண்டும், அவர் எதற்கு என்று கேட்பார். கடலூரிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வரும் எங்களுக்கு நாலேகாலுக்கு வண்டி கிளம்பிவிடும், விட்டால் டவுன் பஸ்ஸில் பஸ் ஸ்டாண்ட் போய், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி வீடு சேர ஏழரை ஆகும். வாரத்தில் இரண்டு நாளாவது ஆறு மணி வரை திறந்து வைத்து, லைப்ரரி மாடிக்கு அறையை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். அங்கே யார் எதற்குப் போகிறான் என்று எவனும் கேட்க மாட்டான்.

அறை பூட்டியிருக்கும் நேரத்துக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடப்பதும் இதுதான். காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். என் நண்பன் ஒரு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து பேசினான், எதிர்முனையில் இருந்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டார் என்றான். இந்த நம்பரை எங்கள் கல்லூரி ஐ.டி. கார்டின் பின்பக்கம் அச்சடித்தால் என்ன? பஸ் ஃபீஸ் விதிமுறை போட இடம் இருக்கிறதே.

ஜூனியர்களுக்கு: நோட்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். மேடத்தின் காலேஜ் மெயிலுக்கு இரண்டு வரி போடுங்கள், நேரம் குறித்துக் கொடுக்கிறார். செவ்வாய் மதியம் கேளுங்கள், அன்று ஃபீஸ் கவுன்டர் இரண்டு மணிக்கு மேல் மூடியிருக்கும்.