ஜிடிஐ எஞ்சினை ஓவர்ஹாலுக்கு விடுவதற்கு முன் ஹெட்டில் ஒரு புள்ளி குத்தி வையுங்கள்

புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு எஞ்சினைத் திறக்கக் கொடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பட்டறை முழு ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது, என்று சொல்லி என்னிடம் 19,500 வெள்ளி வாங்கியது. உருப்படியாக நடந்தது பெயிண்ட் வேலையும் டைமிங் பெல்ட்டும் மட்டும். என் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் முன்னிருக்கைகள் இரண்டும் அங்கேயே கைமாறிவிட்டன.

பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்லமாட்டேன். அவர்கள் செய்த விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். என் கதையை வெளியில் சொல்லத் தொடங்கிய பிறகு, இதே விதத்தில் வேறு ஊர்களில் மாட்டிக்கொண்டவர்கள் பேசினார்கள். ஒருவருக்கு கியர்பாக்ஸ், இன்னொருவருக்கு பின் பிரேக் செட்.

இந்தக் காரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜிடிஐ 1998-ல் வந்தது. மிட்சுபிஷியின் 4ஜி93, 1.8 லிட்டர், இரட்டை கேம் எஞ்சின், கிட்டத்தட்ட 140 குதிரைத்திறன். புரோட்டோன் 1996-ல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸை வாங்கியிருந்ததால் சஸ்பென்ஷனை லோட்டஸ்காரர்கள்தான் பதப்படுத்தினார்கள், பின்பக்கத்தில் அதற்கான சின்னமும் உண்டு. உள்ளே ரெக்காரோ நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் இருக்கைகள். உலு யாம் மலைப்பாதையில் ஒரு தடவை ஓட்டினால் போதும், புதுக் கார்களின் மேல் இருக்கும் ஆசை குறைந்துவிடும். ஆனால் சாலையில் நீங்கள் பார்க்கும் ‘ஜிடிஐ’களில் நிறைய, சாதாரண 1.3, 1.5 சாத்ரியாவுக்கு பாடிகிட் மாட்டியவை. இப்படி மாற்றுகிறவர்களுக்கு அசல் பொருள்கள் வேண்டும். அதனால் ஓர் அசல் காரை முழுசாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் அதிகம் கிடைக்கும். பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

என் காரை ஈப்போவில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரிடமிருந்து வாங்கினேன். இருக்கை, மீட்டர், எஞ்சின் எல்லாம் தொழிற்சாலையில் வந்தபடியே. எண்ணெய் கொஞ்சம் குடித்தது, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் வால்வுகளை இயக்கும் லிஃப்டர்களின் சத்தம் வந்தது. வயதான 4ஜி93-க்கு இது அதிசயமில்லை. எஞ்சினை ஒழுங்காகக் கட்டி, நல்ல எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் போட்டு, வருடத்தில் ஒரு தடவை சிப்பாங் டிராக்கில் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பட்டறைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். என் காரைப் பார்த்ததும் பானெட்டைத் திறக்கவில்லை, முதலில் கதவைத் திறந்து இருக்கையைத்தான் தடவினார். “அசலா தம்பி? இப்பல்லாம் எங்க கிடைக்குது” என்றார். அவருக்கும் காரின் மேல் பித்து என்று நினைத்தேன். அவர் பார்த்தது சரக்கை என்று பிறகு புரிந்தது.

சொன்ன விலை 16,500 வெள்ளி. சிலிண்டரை 0.50 மிமீ கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், மெயின் பேரிங், பிக்-எண்ட் பேரிங், கிராங்க் பாலிஷ், ஹெட் ஓவர்ஹால், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூடவே எஞ்சின் பேக்குக்குப் பெயிண்ட். பாதி முன்பணம். முதல் இரண்டு வாரம் வாட்ஸப்பில் படமாக வந்து குவிந்தது: எஞ்சின் தொங்குகிறது, கிராங்க் மேசையில் கிடக்கிறது, பிஸ்டன்கள் வரிசையாக நிற்கின்றன. அப்புறம் படம் நின்றது, கணக்கு வந்தது. கிராங்க் கடைய வேண்டும், 900. ஹெட் வளைந்திருக்கிறது, சீவ வேண்டும், வால்வு கைடு மாற்ற வேண்டும், 1,400. வயரிங்கை எலி கடித்துவிட்டது, 700. அந்த எலி அவருடைய பட்டறை எலி, ஆனால் கணக்கு என் பெயரில்.

இந்தக் கட்டத்தில் ஒருவர் என்ன செய்ய முடியும்? வேண்டாம் என்றால் கார் ஒரு பக்கம், எஞ்சின் நான்கு கூடைகளில். டோ லோரி வைத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் எந்தப் போர்மேனும் அடுத்தவர் பிரித்த எஞ்சினைக் கட்ட ஒப்புக்கொள்ளமாட்டார், காணாமல் போன நட்டுக்கு யார் பொறுப்பு? காரைப் பிரித்த நிமிடத்திலிருந்து பேரம் பேசும் உரிமை பட்டறைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. விலை ஏறுவது எப்போதும் அதற்குப் பிறகுதான், கவனித்துப் பாருங்கள்.

கார் வந்தது. எஞ்சின் பேக் கண்ணாடி மாதிரி மின்னியது, வால்வு கவர் சிவப்பில். இருக்கைகளும் ரெக்காரோதான், ஆனால் என்னுடையவை இல்லை. துணி அதே துணி, ஓட்டுநர் பக்க மெத்தை மட்டும் பொதபொதவென்று உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, “பெயிண்டுக்காகக் கழட்டி வெச்சோம், தூசி படிஞ்சிருக்கும், வாஷ் பண்ணா சரியாயிடும்” என்றார். மெத்தை அமுங்கியதற்கு எந்த சோப்பு போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஓட்டினால் பின்னால் நீலப் புகை, எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். முடுக்கும்போதும் வந்தது, காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாலும் வந்தது. காலை எடுத்து மிதிக்கும்போது வந்தால் பெரும்பாலும் வால்வு சீல், இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். எனக்கு இரண்டும். “ரன்னிங்-இன் தம்பி, 5,000 கிலோமீட்டர் ஓடட்டும், ரிங் செட் ஆகும்.” இதுதான் இந்தத் தொழிலில் மிகவும் வசதியான பொய். ஒழுங்காக ஹோனிங் செய்த, அதாவது உள்சுவரில் மெல்லிய கீறல் போட்ட, சிலிண்டரில் புது ரிங் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடும். 5,000 என்று சொல்வது, நீங்கள் திரும்பி வருவதைத் தள்ளிப்போடத்தான்.

சிரம்பானில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் ரேஸ் கார் கட்டியவர், இப்போது வீட்டுப் போர்ட்டிக்கோவில் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தார். மூன்று சிலிண்டர் 150 psi-ஐ ஒட்டி நின்றது, மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் 110. புதிதாகக் கட்டிய எஞ்சினில் சிலிண்டருக்குச் சிலிண்டர் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. அப்புறம் பிளக் ஓட்டை வழியாக சின்னக் கேமராவை விட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். பிஸ்டன் தலையில் கருப்பாகக் கரி, ஓரமெல்லாம் ஏடு ஏடாக. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிஸ்டனில் அது வராது. சுவரில் ஹோனிங் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிய வேண்டும். வழவழவென்றிருந்தது.

“ஹெட்டைத் தூக்கிடலாமா அங்கிள்?” என்றேன்.

“நீ வீடியோ எடு. நான் தூக்குறேன். போல்ட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பி.”

அந்த ஒரு வார்த்தைதான் பிறகு என்னைக் காப்பாற்றியது. நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்கி, ப்ளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் அடிப்பகுதி) அடித்திருக்கும் எஞ்சின் எண், கெரானில் (வாகன உரிமைச் சான்றிதழ்) இருக்கும் எண், எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிவானது. எண் பொருந்தியது. ப்ளாக் என்னுடையதுதான்.

ஹெட்டைத் தூக்கினார். பிஸ்டன் தலையைத் துணியால் துடைத்தார். ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் தலையில் 0.50 என்று அச்சு இருக்கும். ஒன்றிலும் இல்லை. போர் கேஜை உள்ளே விட்டு அளந்தார். 4ஜி93-ன் சிலிண்டர் விட்டம் தொழிற்சாலையில் 81 மிமீ. கடைந்திருந்தால் 81.5 வர வேண்டும். வந்தது 81.06. தேய்மானம், அவ்வளவுதான். எந்தக் கடைசல் பட்டறையையும் அந்த ப்ளாக் பார்க்கவே இல்லை.

ஹெட் கதை இன்னும் மோசம். எனக்கு முன் காரை வைத்திருந்த ஆசிரியர் காலத்தில் மூன்றாவது பிளக்கின் மரை அறுந்து, அதற்குப் பதிலாக ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டிருந்தார்கள். அதற்கான பில்லையும் ஆசிரியர் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்து எனக்குக் கொடுத்திருந்தார். இப்போது மேசையில் கிடந்த ஹெட்டில் நான்கு ஓட்டையிலும் அசல் மரை. பெரியவர் டார்ச்சை அடித்து விரலை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது உன் ஹெட் இல்ல.” புரோட்டோனின் வீரா 1.8, புத்ரா 1.8 இரண்டிலும் இரட்டை கேம் 4ஜி93 உண்டு. ஏதோ ஒரு பழைய காரின் தேய்ந்த ஹெட் என் ப்ளாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. என் ஹெட் எங்கோ வேறொரு காரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

ப்ளாக்கை மாற்றினால் மாட்டிக்கொள்வார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் எஞ்சின் எண் மாறியிருந்தால், பெயர் மாற்றத்துக்கு வண்டியைச் சோதனைக்கு விடும்போதே தெரிந்துவிடும், போலீஸ் வரை போகும். அதனால் எண் உள்ளதைத் தொடமாட்டார்கள். ஹெட், த்ராட்டில் பாடி, கியர்பாக்ஸ், இருக்கை, பிரேக், மீட்டர், இதில் எதுவும் கெரானில் இல்லை. “எண் பொருந்துதா, அப்ப உன் எஞ்சின்தானே” என்று வாயை அடைத்துவிடலாம். எனக்கும் அதைத்தான் சொன்னார்.

“அண்ணே, ஹெட் மாறியிருக்கு.”

“எஞ்சின் நம்பர் பாரு தம்பி. உன்னோடதுதானே? காடி ஓடுதா இல்லையா?”

“மூணாவது பிளக்குல ஹெலிகாயில் இருந்துச்சு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ஹெட் மிஷின் ஷாப்பில் மாறியிருக்கலாம் என்றார். எந்த மிஷின் ஷாப், பில் எங்கே என்றதற்கு, அவர்கள் பில் தரமாட்டார்கள் என்றார். பழைய பிஸ்டன்களைக் கேட்டேன். ஒரு பெட்டியில் நான்கு கொடுத்தார். இரண்டில் வால்வுக் குழிவு ஒரு மாதிரி, இரண்டில் வேறு மாதிரி. ஒரே எஞ்சினிலிருந்து அவை வந்திருக்க வழியே இல்லை.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், டிடிபிஎம், பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அலைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, அவர்களும் வைக்க முடியாது, அது நமக்கு நல்லது. தீர்ப்பு வந்து 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் குற்றம். நான் கொண்டுபோனவை: பட்டறை தந்த விலைப்பட்டியல், பணம் போட்ட வங்கிச் சீட்டுகள், வாட்ஸப் உரையாடல், ஹெலிகாயில் பில், பெரியவர் எழுதித் தந்த அளவுகள், அந்த வீடியோ. மன்றத் தலைவர் வீடியோவை முழுதாகப் பார்த்தார். 0.50 பிஸ்டன் எங்கே வாங்கியது, ரசீது காட்டு என்று பட்டறைக்காரரிடம் கேட்டார். அங்கேயே முடிந்துவிட்டது. எஞ்சின் வேலைக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து 14,200 வெள்ளி திருப்பித் தரச் சொன்னார்கள். இரண்டு தவணையாக வந்தது. பெயிண்டும் டைமிங் பெல்ட்டும் உண்மையாகவே செய்திருந்ததால் அதற்குக் கேட்கவில்லை.

இருக்கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரெக்காரோவைக் கொடுத்து ரெக்காரோவைத்தானே வாங்கினாய் என்றால், வேறு ஜோடி என்று நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை.

இப்போது பெரியவரே எஞ்சினைக் கட்டுகிறார். அவர் முறையைச் சொல்கிறேன், நல்ல பட்டறைகள் எல்லாம் இதற்கு ஒப்புக்கொள்ளும். ஹெட்டிலும் கியர்பாக்ஸ் உறையிலும், வெளியே சட்டென்று தெரியாத இடத்தில், சென்டர் பஞ்சால் புள்ளி வைத்துப் படம் எடுத்தோம். ப்ளாக்கைக் கடைசல் பட்டறைக்கு நானே கொண்டுபோனேன், கூலியை நானே நேராகக் கொடுத்தேன், அளவு எழுதிய சீட்டை நானே வாங்கினேன். பிஸ்டனும் பேரிங்கும் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் என் பெயரில் பில் போட்டு வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததே அவர் வீட்டில், என் கண்முன்னால். இருக்கைகளைக் கழற்றி என் வீட்டு ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டேன், ஓட்டிப் பார்க்க ஒரு பழைய புரோட்டோன் சாகா இருக்கை போதும். அவருக்குத் தருவது கூலி மட்டும், வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்றபடி. பொருள் நம் பெயரில், கூலி தனியாக என்றதும் முகம் மாறுகிற பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஓர் உதவி. சாத்ரியா ஜிடிஐ ரெக்காரோ ஜோடி எங்கேயாவது விற்பனைக்கு வந்தால், ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்து அடியில் பாருங்கள். வலது தண்டவாளத்தின் முன் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பற்றவைப்பு இருக்கும், அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட், விரல் அகலத்துக்கு. வெளிப்பக்க மெத்தை ஓரத்தில் சாம்பல் நூலுக்குப் பதில் கருப்பு நூலில் தைத்த ஒரு பகுதியும் உண்டு. பார்த்தால் விற்பவரிடம் ஒன்றும் சொல்லாமல், இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இருக்கைகளுக்காக நான் கொடுத்த போலீஸ் புகார் இன்னும் திறந்துதான் இருக்கிறது.